மலையில் மூச்சு வாங்கினால் முதலில் எது: இதய ஹார்மோன் ரத்தப் பரிசோதனையா, கீழே இறங்கி எக்கோவா?

கோத்தகிரியில் ரத்தம் எடுக்கும் லேப் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. வீட்டில் வயதானவருக்கு ஏற்றத்தில் பத்தடி வைத்தாலே மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் கணுக்காலில் வீக்கம், பிரஷர் மாத்திரை பல வருடமாக ஓடுகிறது. உள்ளூர் டாக்டர் சீட்டில் என்டி-புரோபிஎன்பி என்று எழுதித் தருகிறார், இதய ஹார்மோனைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. வெளியே வந்தால் சொந்தக்காரர் ஒருவர், "அதெல்லாம் எதுக்கு, நேரா கோயம்புத்தூர் போய் எக்கோ எடுத்துடுங்க" என்கிறார், அதாவது இதயத்தின் ஸ்கேன் படம். இன்னொருவர், "மலைன்னா அப்படித்தான், குளிருக்கு மூச்சு வாங்கும், விடுங்க" என்கிறார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கவுன்டர் முன்னால் அந்தக் குடும்பம் நிற்கும்.

கடைசி ஆள் சொன்னதை முதலில் தள்ளிவிடலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கோத்தகிரி அதைவிடக் கொஞ்சம் கீழே. கீழிருந்து புதிதாக வருகிறவருக்கு ஓரிரு நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் அது சகஜம். ஆனால் பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவர், போன வருடம் வரை தேயிலைத் தோட்டத்தில் ஏறி இறங்கியவர், இந்த வருடம் வீட்டுப் படியில் நின்று நின்று ஏறுகிறார் என்றால் அதற்கு மலை காரணமில்லை. மலை புதிதாக உயரவில்லையே. அவர் உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது, அது என்ன என்று பார்த்தே ஆக வேண்டும்.

ரத்தமா எக்கோவா என்று யோசிக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடு ராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், உட்கார்ந்தும் அடங்கவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நுரை நுரையாகச் சளி வருகிறது, நெஞ்சு வலி, மயக்கம் என்றால் 108-ஐக் கூப்பிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். லேப் திறக்கட்டும் என்று காலை வரை காத்திருக்காதீர்கள். கீழே நான் எழுதுவதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த மூச்சிரைப்புக்குத்தான்.

அப்படி மெல்ல வந்ததென்றால் என் கருத்து இது: இங்கேயே ஒரு ஈசிஜி, கூடவே என்டி-புரோபிஎன்பி. எண் குறைவாக வந்தால் எக்கோவுக்கு ஓட வேண்டிய அவசரமில்லை, வேறு காரணத்தைத் தேடலாம். கூடுதலாக வந்தால் எக்கோவைத் தட்டிக் கழிக்க முடியாது, எவ்வளவு சீக்கிரம் இறங்க வேண்டும் என்பதையும் அந்த எண்ணே ஓரளவு சொல்லிவிடும். ஏன் இந்த வரிசை என்பதற்கு அந்த ஹார்மோன் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இதயம் ரத்தத்தைத் தள்ளுவதோடு ஹார்மோனும் சுரக்கிறது. 1950-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதயத்தின் மேலறைத் தசைக்குள் சின்னச் சின்ன மணிகள் இருப்பதைப் பார்த்துவிட்டார்கள், சுரப்பிகளில் இருப்பது போன்ற மணிகள், ஆனால் அவை எதற்கு என்று புரியவில்லை. 1981-ல் கனடாவின் கிங்ஸ்டனில் அடால்ஃபோ டி போல்டும் அவர் குழுவும் எலியின் மேலறைத் தசையிலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு எலிக்குச் செலுத்தினார்கள். கொஞ்ச நேரத்திலேயே சிறுநீரில் உப்பும் நீரும் மடமடவென்று வெளியேறின, ரத்த அழுத்தமும் இறங்கியது. அந்தப் பொருளுக்கு அப்போது கார்டியோநாட்ரின், ஏட்ரியோபெப்டின், ஆரிக்குலின் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் ஏஎன்பி என்கிறார்கள். ரத்தம் நிரம்பி மேலறைச் சுவர் விரிந்தால் அது சுரக்கும். சிறுநீரகத்திடம் உப்பை விடச் சொல்லும், ரத்தக் குழாயைத் தளர்த்தும், உப்பைப் பிடித்து வைக்கும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் அடக்கும். மொத்தத்தில் இதயம் தன் சுமையைத் தானே குறைத்துக்கொள்ளப் பார்க்கிறது. மலைக் குளிரில் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறோமே, தோலில் இருக்கும் குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே கூடுவதால் வருவது அது. அதிலும் இந்த ஹார்மோனுக்கு ஒரு பங்கு உண்டு.

1988-ல் ஜப்பானில் பன்றியின் மூளையிலிருந்து இதன் உறவு ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள், அதுதான் பிஎன்பி. மூளையில் கண்டுபிடித்தாலும் மனிதரில் அது முக்கியமாகச் சுரப்பது இதயத்தின் கீழறையில் என்று பிறகு தெரிந்தது. கீழறைதான் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் அறை. அது திணறினால் பிஎன்பி ஏறும். ஆகவே மூச்சு வாங்கும் ஒருவருடைய ரத்தத்தில் இந்த எண் ஏறியிருந்தால், இதயம் சுமை தாங்காமல் விரிகிறது என்று சந்தேகிக்கலாம்.

இனி எதை அளப்பது என்ற கேள்வி. ஏட்ரியோபெப்டின் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, அதையே பார்க்க முடியுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்பதில் தப்பில்லை, ஆனால் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும். நம் ஊர் லேப்களில் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையும் இல்லை. அதன் முன்வடிவத்தில் நிலையாக நிற்கும் ஒரு துண்டை அளக்கும் முறை ஐரோப்பாவில் உண்டு, கோத்தகிரியில் நிற்கும் நமக்கு அது உதவாது. நம் கைக்கு எட்டுவது பிஎன்பியும் என்டி-புரோபிஎன்பியும்தான்.

இந்த இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. 108 அமினோ அமிலம் கொண்ட ஒரு நீளமான புரதத்தை உடம்பு இரண்டாக வெட்டுகிறது. 32 கொண்ட துண்டு பிஎன்பி, வேலை செய்யும் ஹார்மோன் அதுதான். மீதி 76 கொண்ட துண்டு என்டி-புரோபிஎன்பி, அதற்கு வேலை ஒன்றும் இல்லை, ஆனால் ரத்தத்தில் நிதானமாக நிற்கும். பிஎன்பி பாதியாகக் குறைய சுமார் 20 நிமிடம், மற்றதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம். எடுத்து வைத்த ரத்தத்திலும் இதே கதைதான். பிஎன்பிக்கு ஊதா மூடி பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, சில மணி நேரத்துக்குள் பிரித்து மெஷினில் ஓட்டிவிட வேண்டும், தாமதமானால் எண் தானாகவே இறங்கிப் போகும். என்டி-புரோபிஎன்பி அறை வெப்பநிலையிலேயே இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும், குளிர்ப்பெட்டியில் இன்னும் கூட.

மலையில் இருக்கும் நமக்கு இந்த வித்தியாசம்தான் முடிவையே தீர்மானிக்கிறது. இங்குள்ள சின்ன லேப்களில் ரத்தம் எடுப்போமே தவிர, இந்த மாதிரி பரிசோதனைகளை ஓட்டும் மெஷின் பல இடங்களில் கிடையாது. காலையில் எடுத்த குழாய்களில் பெயர் ஒட்டி, ஐஸ் பை வைத்த தெர்மகோல் பெட்டியில் அடுக்கி, மதியமோ சாயங்காலமோ மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே அனுப்புவோம். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்தால் பெட்டி எப்போது போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தப் பயணத்தைப் பிஎன்பி தாங்காது. நிஜத்தில் கூடுதலாக இருந்த எண், போய்ச் சேர்வதற்குள் குறைந்து நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால், அந்தக் குடும்பம் நிம்மதியாகத் திரும்பிப் போய்விடும், நோய் உள்ளேயே இருக்கும். எனக்கு இதில் ரொம்பக் கவலை உண்டு. ரத்தம் கொடுக்கும் முன் "எது அனுப்புறீங்க, எங்க ஓட்டுறாங்க, எத்தனை மணி நேரத்துல போகும்?" என்று கேளுங்கள். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று ஒரு கவுன்டரில் பதில் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஒன்றில்லை. அதே கட்டடத்தில் மெஷின் வைத்து உடனே ஓட்டும் மருத்துவமனையில் பிஎன்பியும் தாராளமாகப் பார்க்கலாம். சாம்பிள் மலை இறங்க வேண்டும் என்றால் என்டி-புரோபிஎன்பிதான்.

அப்புறம் எண்கள். இரண்டும் ஒரே அலகில்தான் வரும், மில்லிக்கு இத்தனை பிக்கோகிராம் என்று, அதனால்தான் இத்தனை குழப்பம். மெல்ல வந்த மூச்சிரைப்பில் பிஎன்பி 35-க்குக் கீழே, என்டி-புரோபிஎன்பி 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுபோவதல்ல, ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாமல் திணறுவது) இருக்கும் வாய்ப்பு குறைவு என்று ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. திடீர் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கு எல்லை வேறு: பிஎன்பிக்கு 100, என்டி-புரோபிஎன்பிக்கு 300. அதே அவசர நிலையில் இது இதயம்தான் என்று சொல்ல, என்டி-புரோபிஎன்பிக்கு வயதுவாரியாக எல்லை வைத்திருக்கிறார்கள்: 50 வயதுக்குக் கீழே 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1,800. ஆகவே அம்மாவுக்கு என்டி-புரோபிஎன்பி 600, பெரியப்பாவுக்குப் பிஎன்பி 300, அதனால் அம்மாவுக்குத்தான் மோசம் என்று கணக்குப் போடாதீர்கள். பிஎன்பி 300 என்பது பெரும்பாலும் அதைவிடப் பெரிய விஷயம். ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவும் எல்லா வயதுக்கும் பொருந்தாது. எழுபத்தெட்டு வயதுப் பாட்டிக்கு 250 வந்தால் தடித்த எழுத்தில் அம்புக்குறி போட்டுத்தான் வரும், அதைப் பார்த்ததும் அழுதுவிடுகிறார்கள். அந்த வயதில் கொஞ்சம் ஏறியிருப்பது சாதாரணம், டாக்டர் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

எப்போது கீழே இறங்குவது என்பதற்கு பிரிட்டன் வழிகாட்டுதல் ஒரு நல்ல அளவு வைத்திருக்கிறது, எனக்கு அது மலைக்கென்றே எழுதியது போலத் தோன்றும். என்டி-புரோபிஎன்பி 2,000-க்கு மேல் என்றால் இரண்டு வாரத்துக்குள் எக்கோவும் நிபுணரும், 400 முதல் 2,000 வரை என்றால் ஆறு வாரத்துக்குள், 400-க்குக் கீழே என்றால் இதயச் செயலிழப்பு அவ்வளவாக எதிர்பார்க்க வேண்டியதில்லை, வேறு காரணம் தேடு என்கிறது. ஐரோப்பாவின் 125-க்கும் இந்த 400-க்கும் நடுவில் விழுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே ஈசிஜி கைகொடுக்கும். ஈசிஜி முழுக்கச் சரியாக இருந்து, கால் வீக்கமும் இல்லை என்றால் பொறுத்துப் பார்க்கலாம். ஈசிஜியில் மாற்றமோ, முன்பே மாரடைப்பு வந்த கதையோ, கணுக்காலை அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்பதோ இருந்தால் எண் சின்னதாக இருந்தாலும் எக்கோ எடுத்துவிடுங்கள்.

எக்கோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. எண் ஏறியிருக்கிறது என்றால் இதயம் சிரமப்படுகிறது என்று மட்டும்தான் தெரியும். ஏன் என்று எக்கோதான் காட்டும்: வால்வு கசிகிறதா, சுருங்கியிருக்கிறதா, தசை பலவீனமா, பல வருடப் பிரஷரால் சுவர் தடித்துவிட்டதா, நுரையீரல் பக்க அழுத்தம் கூடியிருக்கிறதா. மாத்திரையும் அதை வைத்துத்தான் முடிவாகும். எக்கோ இல்லாமல் வெறும் எண்ணைப் பார்த்து மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரத்தப் பரிசோதனையைத் தாண்டி நேராக எக்கோவுக்கே போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சின்ன வயதில் மூட்டுக்கு மூட்டு வலியும் காய்ச்சலுமாகக் கிடந்து பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டவர்கள், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு "சத்தம் கேட்குது" என்று சொன்னவர்கள், பிரசவத்துக்குக் கொஞ்சம் முன்போ பின்போ மூச்சு வாங்க ஆரம்பித்த பெண்கள். இவர்களுக்கு எண் என்ன வந்தாலும் படம் பார்த்தே தீர வேண்டும், அப்புறம் ரத்தம் எதற்குத் தனியாக?

செலவு என்று பார்த்தால் லேபுக்கு லேப் மாறும். என்டி-புரோபிஎன்பி மலிவான பரிசோதனை இல்லை, பல இடங்களில் எக்கோ கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு ஏன் அதை முதலில் சொல்கிறேன் என்றால், எக்கோவின் நிஜச் செலவு அதன் கட்டணத்தில் இல்லை. மூச்சு வாங்கும் பெரியவரைக் கொண்டை ஊசி வளைவுகளில் காரில் இறக்கி, வாந்தி, தலைசுற்றல் எல்லாம் பார்த்து, கூட ஒருவர் வேலைக்கு லீவு போட்டு, டோக்கன் வாங்கி உட்கார்ந்து, இருட்டும் முன் திரும்ப ஏறி வர வேண்டும். தோட்ட வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஒரு நாள் கூலியோடு போவதில்லை. எண் குறைவாக வந்து அந்தப் பயணம் மிச்சமானால் பெரிய உபகாரம். நீங்கள் கோயம்புத்தூரிலேயே இருந்தால் என் வரிசை மாறும், பக்கத்துத் தெருவில் எக்கோ இருக்கும்போது நேராகப் போய்விடலாம். ஊட்டி பக்கம் இருப்பவர்கள் கீழே இறங்கும் முன் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். கொடைக்கானல்காரர்களுக்கும் இதே கணக்குதான், திண்டுக்கல்லோ மதுரையோ கிளம்பும் முன் இங்கேயே என்ன முடியும் என்று பாருங்கள்.

எண் ஏமாற்றும் இடங்களும் உண்டு. உடம்பு பருமனாக இருந்தால் இதயம் கெட்டிருந்தும் எண் குறைவாகக் காட்டும், அதனால் நல்ல பருமனான ஒருவருக்கு 110 வந்தால் அதை நான் நம்பி விட மாட்டேன். சிறுநீரகம் பழுதானால் இதயம் நன்றாக இருந்தும் ஏறும், குறிப்பாக என்டி-புரோபிஎன்பி, ஏனென்றால் அது வெளியேறுவதற்குச் சிறுநீரகத்தை நம்பியிருக்கிறது. ஆகவே சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின் பரிசோதனைக்கும் சேர்த்து ரத்தம் கொடுங்கள். நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனிலும் ஏறும். ரத்தசோகை தானே மூச்சு வாங்க வைக்கும், எண்ணையும் கொஞ்சம் தூக்கும். தோட்டத்துப் பெண்கள் வெளுத்த கண்ணிமையோடு வரும்போது முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள் என்றுதான் சொல்வேன், அது மலிவு, அன்றைக்கே தெரிந்துவிடும். விறகு அடுப்புப் புகையில் வருடக்கணக்காக இருமியவர்களுக்கு நுரையீரல் பரிசோதனையும் வேண்டும். முடிக்கென்று பெரிய டோஸ் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள், சில மெஷின்களில் அது எண்ணைக் குறைத்துக் காட்டும்.

"நீர் மாத்திரை போட்டுப் பார்ப்போம், கேட்டா அப்ப இதயம்தான்" என்ற வழியும் இங்கே நடக்கிறது. டாக்டர் எழுதினால் சாப்பிடுங்கள், ஆனால் முடிந்தால் முதல் மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுத்துவிடுங்கள். நீர் இறங்கினால் எண்ணும் இறங்கும், அப்புறம் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் நீர் மாத்திரையை வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம், பொட்டாசியம் இறங்கி வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

ஏற்கெனவே இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சாகுபிட்ரில்-வால்சார்டான் என்ற மாத்திரை இந்த ஹார்மோன்களை உடைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுக்கிறது, அதாவது உடம்பே சுரக்கும் ஏஎன்பி, பிஎன்பி கூடுதல் நேரம் வேலை செய்யட்டும் என்று விட்டுவிடுகிறது. 2014-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் இது பழைய எனலாப்ரில் மாத்திரையைவிட உயிரிழப்பைக் குறைத்தது. இதைச் சாப்பிடுகிறவருக்குப் பிஎன்பி பார்த்தால் மருந்தாலேயே எண் ஏறித் தெரியலாம், நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். என்டி-புரோபிஎன்பியை அந்த நொதி உடைப்பதில்லை, ஆகவே அதை நம்பலாம். மலை, சமவெளி என்ற பேச்சே இல்லாமல் இங்கே தேர்வு ஒன்றுதான்.

சிகிச்சை ஆரம்பித்த பிறகு மாதாமாதம் எண் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் பிரஷர் பார்க்கும்போது அந்த அளவையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், குளிர்காலத்தில் பிரஷர் ஏறும் என்பதால் டிசம்பர், ஜனவரியில் இன்னும் கவனமாக. ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும், இந்த ஹார்மோன் கஷ்டப்பட்டு வெளியே தள்ளும் உப்பை நாமே திரும்பக் கொட்ட வேண்டாம். டாக்டர் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னால் முதலில் பார்த்த அதே பரிசோதனையை, முடிந்தால் அதே லேபில் கொடுங்கள். 900 என்பது 800 ஆனதற்குச் சந்தோஷப்படவும், 1,000 ஆனதற்குப் பயப்படவும் வேண்டாம், அவ்வளவு ஏற்ற இறக்கம் நாளுக்கு நாளே இருக்கும். முப்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மருந்து கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய ரிப்போர்ட், ஈசிஜித் தாள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வைத்து, கீழே போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள்.